தொங்கல் பிடிக்கிறவன்

"தம்பி, இந்தத் தொங்கலை ஒருக்காப் பிடியும்."

இந்த வசனத்தைக் கேட்டிராதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பழைய படப் போஸ்டர் சேர்க்கிற ஒருவர் உங்கள் ஊரிலும் இருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. தோள்மூட்டைத் தடவிக்கொண்டே வாசியுங்கள்.

கனகராயன்குளத்தில் எங்களுக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். அண்ணை என்று மட்டும் வைத்துக்கொள்வோம். முத்திரை சேர்க்கிறவன் அல்பத்தைத் தூக்கி உங்கள் மடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். காசு சேர்க்கிறவன் பேணியைக் குலுக்கிக் கொட்டிக் காட்டுவான். போஸ்டர்க்காரருக்குத்தான் ஆள் வேண்டும். அதுவும் உயரமான ஆள். நான் ஐந்தடி பத்தங்குலம். அது என்னுடைய பிழையல்ல.

சுவரில் மாட்டினால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அரை மணித்தியாலம் போச்சு. வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடுமாம்; நீலம் மட்டும் மிஞ்ச, எம்.ஜி.ஆர். கிருஷ்ண பரமாத்மா போல நிற்பாராம். பல்லி எச்சமிடுமாம். கறையானைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னிக் கறையான் சீமெந்துச் சுவரிலும் றோட்டுப் போட்டுக்கொண்டு ஏறும். பழைய கடதாசி என்றால் அதற்குக் கோயில் அன்னதானம். ஆகவே அண்ணையின் போஸ்டர்கள் முழுவதும் பீ.வீ.சி. குழாய்களுக்குள்ளே இருக்கின்றன. இரண்டு பக்கமும் மூடி போட்டு, கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே போனால், தண்ணீர் இணைப்புக் கொடுக்க வந்தவன் பாதி வேலையில் கோபித்துக்கொண்டு போன வீடு போல இருக்கும்.

முதலில் கை கழுவ வேண்டும். சாரத்தில் துடைக்கக் கூடாது. அதற்கென்று அவர் ஒரு துணி தருவார். பிறகு குழாயை இறக்கி, மூடியைக் கழற்றி, பொந்துக்குள் உடும்பு பிடிக்கிறவர் போல இரண்டு விரலை விட்டு மெல்ல மெல்ல இழுப்பார். ஒரு தொங்கல் எனக்கு. மற்றத் தொங்கல் அந்த நேரத்தில் வாசலில் அகப்படுகிற எவருக்கும். தபால்காரர் பிடித்திருக்கிறார். கச்சான் விற்க வந்த பெடியன் பிடித்திருக்கிறான். மாட்டுக்கு ஊசி போட வந்தவர் ஒருநாள் நாற்பது நிமிடம் பிடித்தார்; மாடு வெளியே கத்திக்கொண்டு நின்றது. நெஞ்சு மட்டத்தில் பிடித்தால் ஏச்சு விழும். "போஸ்டர் எண்டால் அண்ணாந்து பாக்க வேணும். சுவரில இருக்கிற உயரம் வேணும். இன்னும் தூக்கும்!"

நாங்கள் தூக்குவோம். அவர் நாலடி பின்னுக்குப் போய், பூவரசந்தடி ஒன்றைக் கையில் எடுத்துத் தொடங்குவார்.

"அறுபத்தைஞ்சு! பந்துலு எடுத்தது. கப்பல் சீன் எல்லாம் கார்வார்க் கடலில. ஜெயலலிதா எம்.ஜி.ஆரோட சேர்ந்து நடிச்ச முதல் படம் இதுதான். நம்பியாரைப் பாரும், அந்த முழியைப் பாரும்!"

எப்படிப் பார்ப்பது? படத்தின் முகம் அவரைப் பார்த்து நிற்கிறது. நாங்கள் பின்னால் நிற்கிறோம். ஆறு வருடமாக 'ஆயிரத்தில் ஒருவன்' போஸ்டருக்குத் தொங்கல் பிடிக்கிறேன். நான் கண்டதெல்லாம் அதன் முதுகைத்தான். அந்த முதுகு எனக்கு மனப்பாடம். இடது பக்கம் இலங்கை வரைபடம் போல ஒரு தேத்தண்ணிக் கறை. அதற்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதிய கணக்கு: சீனி இரண்டு றாத்தல், மண்ணெண்ணெய் ஒரு போத்தல், மூக்குத்தூள். கூட்டல் பிழை. சில வேளை அண்ணை உருவேறிப்போய், தடி கடதாசியையும் தாண்டி என் உச்சந்தலைக்கு மேலே போய் நிற்கும். "இந்தக் கண்ணைப் பாரும், இந்தச் சிரிப்பைப் பாரும்" என்பார். மனுசன் உணர்ச்சிவசப்படுகிறார் என்று நானும் பேசாமல் நிற்பேன்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து முக்காலியில் வைப்பா. கை இரண்டும் மேலே இருக்கிறதே, எப்படிக் குடிப்பது? அது ஆறும். பிறகு ஆடை கட்டும். பிறகு ஒரு ஈ வரும். "அந்தத் தம்பியை விடுங்கோவன், பாவம்" என்று அக்கா குசினிக்குள் இருந்து சொல்லுவா. அதற்குள் அடுத்த குழாய் இறங்கிவிடும்.

'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், சேலத்து மொடர்ன் தியேட்டர்ஸ், கேவா கலர். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். 'மர்மயோகி', 1951. பேய் வருகிறதென்று 'ஏ' சான்றிதழ் கொடுத்த படம். அதை விரிக்கும்போது இன்றைக்கும் சின்னப்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் விரிப்பார். 'உலகம் சுற்றும் வாலிபன்' மட்டும் அவருக்குத் தீராத வியாதி. 1973இல் சென்னையில் போஸ்டர் வரி ஏறியதால் ஸ்டிக்கர் அடித்து ஒட்டி ஓடவிட்ட படம் அது. அந்த ஸ்டிக்கரில் ஒன்றாவது வேண்டுமென்று ஸ்காபரோவில் இருக்கிற மச்சானைப் படாத பாடு படுத்துகிறார். அந்த மனுசன் இப்போது போன் எடுப்பதில்லை.

இவை எல்லாம் மைதாப் பசையில் ஒட்டி, அடுத்த படம் வந்தவுடன் அதன் மேலேயே மற்றதை ஒட்டிய கடதாசிகள். தப்பியதை ஆடு மாடு இழுத்துத் தின்னும். றோட்டால் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று அடித்ததை ஒருவரும் பார்க்காமல் குழாய்க்குள் அடைத்து வைத்திருக்கிறாரே என்று ஒருநாள் கேட்டேன். "நீர் பாக்கிறீர்தானே" என்றார்.

குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது. இதை இங்கே எழுதத்தான் வேண்டும். போன சிறுபோகத்துக்கு மிளகாய்த் தோட்டத்துக்கென்று நான் வாங்கி வைத்த குழாயில் இரண்டு முழு நீளத்தை "ஒருக்கா அளவு பாக்க" என்று எடுத்துப் போனார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் துண்டு துண்டாக வெட்டி, மூடி போட்டு, வளையில் தொங்குகிறது. சரி, உள்ளே போஸ்டராவது இருக்கிறதா? இல்லை. 'குவாய் நதிப் பால'த்தைக் கித்துள்கலையில் எடுத்தார்களாம். இந்தியானா ஜோன்ஸின் இரண்டாம் படத்துக்கு இந்தியா கதையை மாற்றச் சொன்னதாம். அவர்கள் மாட்டோமென்று 1983இல் கண்டிக்கு வந்து எடுத்தார்களாம். எம்.ஜி.ஆர். பிறந்ததும் கண்டிப் பக்கம்தானாம். ஆகவே அவை "எங்கட படங்கள்". அவற்றின் போஸ்டர் என்றைக்கோ ஒருநாள் வரும்போது வைக்க இப்போதே குழாய் தயார். என்னுடைய குழாய். அந்த முறை மிளகாய்க்கு நான் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். இதுவரை காசும் இல்லை, குழாயும் இல்லை.

போன மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வயது, தொங்கல் பிடிக்க உயரம் காணாது. ஆகவே அவள் அண்ணைக்குப் பக்கத்தில் முன்னால் நின்றாள். நானும் பால் எடுக்க வந்த பெடியனும் தூக்கினோம். அண்ணை கார்வாரில் தொடங்கி, கப்பலில் ஏறி, தடியை என் தலைக்கு மேலே நீட்டி, "இந்தக் கண்ணைப் பார் பிள்ளை" என்றார்.

"எங்க, பெரியப்பா?" என்றாள் மகள். "இதில எம்.ஜி.ஆருக்குத் தலை இல்லையே. காலும் வாளும்தானே இருக்கு?"

பால்காரப் பெடியன் சிரித்து, அவன் பக்கத் தொங்கல் பதிந்தது. குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணை தடியை இறக்கவில்லை.

"அது நாலு தாள் போஸ்டர் பிள்ளை. மேல் ரெண்டும் தொண்ணூற்றேழில இடம்பெயரேக்க மல்லாவியில ஒரு வீட்டுப் பரணில வைச்சிட்டு வந்தது. அந்த ஆக்களை இப்ப விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். வரும்." பிறகு ஒன்றும் நடக்காதது போல அதே இடத்துக்குத் தடியை நீட்டி, "கண்ணைப் பார்" என்றார். அவள் அண்ணாந்து, கூரை வளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் யோசித்தது வேறு. மேல் இரண்டு தாளும் வந்து சேர்ந்தால் என் உயரம் காணாது. ஏணி வேண்டும். அவரிடம் ஏணி இல்லை. என்னிடம்தான் இருக்கிறது.