ரிக்டர் பொய் சொல்கிறதா?

கே: 2010-இல் சிலியில் வந்த நிலநடுக்கம் 8.8, ஹெய்ட்டியில் 7.0தான். ஆனால் ஹெய்ட்டியில்தானே பிணக்குவியல்? ரிக்டர் பொய் சொல்கிறதா?

ப: பாவம் ரிக்டர், அது பூமியின் ஆற்றலைத்தான் அளக்கும், தூணில் எத்தனை கம்பி என்று எண்ணிச் சொல்லாது. சிலியில் வெளிப்பட்டது ஹெய்ட்டியைப்போல் சுமார் 500 மடங்கு ஆற்றல். இறந்தவர்களோ ஐந்நூற்றுச் சொச்சம், அதிலும் ஒரு பங்கு சுனாமி கணக்கு. ஹெய்ட்டி அரசு சொன்னதோ 3 லட்சத்துக்கு மேல். அதை நம்பாத ஆய்வாளர்கள்கூடப் பல பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. 1960-இல் 9.5 வாங்கிய சிலி, கட்டட விதிகளை எழுதியதோடு நில்லாமல் அமல்படுத்தவும் செய்தது (இரண்டாவதுதான் அதிசயம்). கட்டி விற்றவர் கட்டடத்தின் உறுதிக்குப் பத்தாண்டு பொறுப்பு. ஹெய்ட்டியிலோ ஒல்லித் தூண்மேல் கனத்த கான்கிரீட் கூரை. அதிபர் மாளிகையே தப்பவில்லை.

'ஹெய்ட்டி நடுக்கம் ஆழம் குறைந்தது, தலைநகரிலிருந்து 25 கிலோமீட்டரில் வந்தது, சிலியில் கடலடியில் அல்லவா?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 4, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து 40 கிலோமீட்டரில் 7.1, அதுவும் ஆழமில்லாதது. இடிபாட்டில் ஒருவரும் சாகவில்லை. விடியற்காலை 4.35 மணி என்பதும் கைகொடுத்தது: பழைய செங்கல் முகப்புகள் சரிந்தபோது தெருவில் ஆளில்லை.