ஒரே வீட்டில் இரண்டு நாட்டாமை

அம்மாவுக்கு இன்டர்நெட் என்றால் நான் மாடியில் உட்கார்ந்து செய்யும் ஏதோ வேலை; போன் என்றால் பெரியம்மா. இரண்டும் இனி ஒரே டப்பாவுக்குள் என்றதும் அவள் முகம் போன போக்கிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பழைய செம்புக் கம்பியைச் சுருட்டிய பையன், மயிரிழைக் கனத்தில் ஃபைபர் இழுத்து, சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினான். “மடக்கிடாதீங்க சார், உள்ள லைட் போகுது” என்றவன், மாடியில் கம்ப்யூட்டர் இருப்பதை நான் சொல்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பெட்டியில் லேன் கேபிளுக்கு நான்கு பெரிய ஓட்டைகள், போனுக்கு ஒரு சின்ன ஓட்டை. பெரிய ஓட்டையில் போன் ஒயரும் சமர்த்தாக நுழையும், டோன்தான் வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் “லைன் செத்துப்போச்சு” என்ற செய்தி பக்கத்து வீடுவரை போய்விட்டது.

அடுத்தது மாடி. அங்கே என் பழைய ரௌட்டர். அதை நம்பி கம்ப்யூட்டரும் பிரின்டரும். கீழிருந்து கேபிள் இழுத்துச் செருகினேன். இரண்டு பெட்டிகளுமே தன் விலாசம் 192.168.1.1 என்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண்! போதாததற்கு, வீட்டிலுள்ள கருவிகளுக்கு எண் வழங்கும் ‘டிஹெச்சிபி’ அதிகாரமும் தனக்கே என்று இரண்டும் சொந்தம் கொண்டாடின. மனைவியின் செல்போனுக்குக் கீழ் நாட்டாமை கொடுத்த எண்ணையே பிரின்டருக்கு மேல் நாட்டாமை கொடுத்திருந்தார்.

அக்கா பையனைக் கூப்பிட்டேன். “மாடி ரௌட்டர்ல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, நம்பரை 192.168.1.2னு மாத்துங்க மாமா.” செய்தேன். கீழே டிவி நின்றது.

“கேபிளை உருவிட்டுத்தானே உள்ள போனீங்க?”

போகவில்லை. பதவி பறிபோனது கீழ் நாட்டாமைக்கு. இரண்டுக்கும் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றால் யார் வீட்டுக்குள் நுழைந்தோம் என்று எப்படித் தெரியும்?

ஒருவழியாகச் சமாதானம் ஆனபோது ராத்திரி ஒன்பது மணி. அப்போது கரண்ட் போனது. அம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். ஊரே இருண்டாலும் டோன் கேட்கும். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான் சோறு.

“கரண்ட் போனா செத்துப்போறதுக்குப் பேரு போனாடா?”

மறுநாள் கீழ்ப் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். இப்போதெல்லாம் கரண்ட் போன மறு நிமிடம் பெரியம்மாவுக்கு அழைப்பு போகிறது. “ஒண்ணுமில்லக்கா, டோன் வருதான்னு பார்த்தேன்” என்று ஆரம்பித்து, கரண்ட் வரும்வரை பேச்சு. மாடி ரௌட்டருக்கு யுபிஎஸ் வாங்கவில்லை. நான் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.