பெருசுன்னா கும்பிடு போடாதே

இன்னா மாப்ள, லீவு நாள்ல கூடத் தூங்காம மாடியில டெலஸ்கோப்பை நட்டுகினு நிக்கிறியாமே? ஃபோர்னாக்ஸ்ங்கிற விண்மீன் மண்டலக் கொத்துக்கு நடுவுல குந்தியிருக்கிற என்.ஜி.சி. 1399 விண்மீன் மண்டலத்தைப் பார்க்கணுமாம். பார்ரா, யார் வேணாங்கறது? மார்கழி ராத்திரி ஒம்போது மணி வாக்குல அது நேர் தெற்கே வரும். நம்ம கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே இன்னா கீது? மீஞ்சூரு, மணலி, மெட்ராஸு. அத்தினி லைட்டையும் தாண்டி அது உன்னாண்ட வந்து நிக்கணுமா? ஜவ்வாது மலைக் காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல வெச்சாங்களே, ஊருக்குள்ள இடம் கெடைக்காமலா?

அந்த மண்டலம் கீறது 6 கோடி ஒளியாண்டுக்கு அப்பால. கை கால் ஒண்ணும் இல்லாத நீள்வட்ட வகை. அக்கம்பக்கத்துச் சின்னதுங்களைத் துன்னு துன்னே இப்படிப் பெருத்துதாம். இப்போகூட என்.ஜி.சி. 1404-னு ஒண்ணு பக்கத்துல வந்து மாட்டிகினு, தன் வாயுவைப் பறிகொடுத்துகினு கீது. ஆனா நம்ம பெரியவராண்ட புது நட்சத்திரம் பொறக்கக் குளிர்ந்த வாயு கெடையாது. கீறதெல்லாம் கொதிக்கிற வாயு. உள்ளே முக்காவாசி கிழடுங்கதான்.

இதுல மினுக்கு வேற! புறஊதாவுல பளபளங்குது. இளசுங்கன்னு ஏமாந்துடாதே, அந்திம காலத்துல சூடேறின கிழடுங்க அடிக்கிற மினுக்கு அது. அந்த வெளிச்சத்தைக் காத்துமண்டலம் தடுத்துடும், மேலே போய்த்தான் பார்க்கணும். 2015 செப்டம்பர் 28-ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து அஸ்ட்ரோசாட் கெளம்புச்சே, அதுல புறஊதாத் தொலைநோக்கியும் போச்சு. நீங்க பழவேற்காட்டுல நின்னு புகையை வீடியோ எடுத்தீங்க. எதுக்குப் போவுதுன்னு ஒருத்தனும் கேக்கலை.

அதெல்லாம் கெடக்கட்டும். இப்போ பெரிய கம்பெனி ஒண்ணு கூப்புடுதுன்னு வேலையை வுடப் போறியாமே? நாலு சின்னப் பட்டறையை முழுங்கின கம்பெனியாம், வாசல்ல கண்ணாடியாம். தாராளமா போ. போறதுக்கு முன்னே அந்த வானத்துப் பெரியவரைக் கொஞ்சம் யோசி. கம்பெனி யாரை முழுங்கிப் பெருத்துச்சு? புதுசா ஆளை நெரந்தரமா எடுக்குதா, இல்ல பழைய ஆளுங்களை வெச்சே மினுக்குதா? பளபளப்பு வாசல்ல மட்டுமா, சம்பள நாள்லயும் உண்டா? கேட்டுட்டு அப்பறம் கும்பிடு போடு.

ஒண்ணு மட்டும். இந்தக் கேள்வியையெல்லாம் கம்பெனியாண்ட கேளு. எங்களை மாதிரி பெருசுங்களாண்ட வந்து கேட்டுத் தொலைக்காதே.