குற்றியலரசு: நோர்வேக் கிறிஸ்தவர்க்கு ஓர் எழுத்திலக்கணம்

பாயிரம்

'அரசு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரம் அரை மாத்திரையாய்க் குறுகிவிடும். அளவுக்குள் அடங்கிய அரசு வேண்டும் என்று அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் காலங்காலமாய்க் கேட்பதை நம் இலக்கணம் குற்றியலுகரம் என்ற பெயரில் எப்போதோ கொடுத்துவிட்டது. இனி 'வரி' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு எழுத்தும் முழு மாத்திரை. அரசு குறுகும், வரி குறுகாது. நூலின் பொருள் இவ்வளவே. எஞ்சியது உரை.

ஆய்வுக்கு நோர்வேயை எடுத்த காரணம் கேட்பீர்கள். இங்கே அரசும் சபையும் நெடுங்காலம் ஒரே அடுப்பில் உலை வைத்தவர்கள். 1814 அரசியலமைப்பு லூத்தரன் மதத்தை அரச மதமாக்கியது; யூதர் நாட்டுக்குள் வரக் கூடாதென்றது; இயேசு சபையாரையும் தடுத்தது. யூதர் மீதான தடை 1851இல் போனது. இயேசு சபையார் 1956 வரை காத்திருந்தனர். 2012இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 2017 ஜனவரி 1 அன்று திருச்சபை தனிச் சட்ட உருப்பெற்றது. அதுவரை போதகர்கள் அரச ஊழியர்கள். தனிக்குடித்தனம் போன பிறகும் செலவுக் காசு பெரிய வீட்டிலிருந்துதான். இத்தகைய மண்ணில் 'அரசே, கையை எடு' என்கிற குரல் எந்த உறுப்பில், எந்த முயற்சியால் பிறக்கிறது? சூத்திரம் வருமாறு (யாம் கட்டியது, பிழையும் எமதே):

அரசின் கைபடும் இடமும் அகற்றும்
முயற்சியும் நோக்கி முறைப்பட வகுப்பின்
வல்லினம் மெல்லினம் இடையினம் சார்பே
ஆய்தம் எனநின்று ஐந்தா கும்மே.

1. வல்லினம்

பிறப்பிடம் வாய். போதகருக்குத் தெரியாமல் பாமரர் கூடிப் பிரசங்கிக்கக் கூடாது என்று 1741இல் ஓர் ஆணை வந்தது. 1796 ஏப்ரல் 5 அன்று தகப்பனார் வயலை உழுதுகொண்டிருந்த ஹான்ஸ் நீல்சன் ஹவுகே என்ற இளைஞருக்கு ஆவிக்குரிய அனுபவம் ஒன்று கிடைத்தது. பிறகு அவர் வாய் மூடவில்லை. கால்நடையாய் நாடு முழுக்கப் போனார். நடக்கும்போதும் கை சும்மா இராமல் காலுறை பின்னியது. 1804இல் பிடித்துக் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், சிறை வைத்தார்கள்.

உரையாசிரியர் இங்கே சற்று நிற்கிறார். 1809இல் பிரித்தானியக் கடல் மறிப்பால் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு. அரசு ஹவுகேயைத் தற்காலிகமாக வெளியே விட்டு உப்புக் காய்ச்ச வைத்தது. வேலை முடிந்ததும் திரும்பச் சிறை. வாய்க்குப் பூட்டு, கைக்கு வேலை: அளவற்ற அரசுக்கு இதைவிடச் சுருக்கமான வரைவிலக்கணம் யாம் கண்டிலம். அந்த ஆணை 1842இல்தான் ஒழிந்தது. மன்னர் இசையவில்லை; நாடாளுமன்றம் விடவில்லை. அரசின் கையை வாயிலிருந்து எடுக்க இந்நாடு பழகியது ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையால்.

2. மெல்லினம்

பிறப்பிடம் தொட்டில். 'பார்னெவார்ன்' என்ற குழந்தை நலத் துறையின் பெயரைக் கேட்டதும் மூக்கு அடைத்துக்கொண்டு வரும் ஒலி. ஸ்தவாங்கரில் பிள்ளைகளை இத்துறையிடம் இழந்த இந்தியப் பெற்றோர் பட்ட பாட்டை 2023இல் இந்திப் படமாகவே எடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவ வகைக்குச் சான்று 2015 நவம்பரில். பெந்தெகொஸ்தே குடும்பம் ஒன்றின் ஐந்து பிள்ளைகளைத் துறை எடுத்துச் சென்றது. பிள்ளைகளை அடித்து வளர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்நாட்டில் 1987 முதல் பிள்ளைமேல் கை வைப்பது சட்டவிரோதம். பல நாடுகளில் நோர்வேத் தூதரகங்களின் முன் விசுவாசிகள் திரண்டார்கள். 2016 ஜூனில் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

மெல்லெழுத்து யார் மூக்கில் பிறந்தாலும் மெல்லெழுத்தே. 2021 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நோர்வேக்கு எதிராக ஒரு தீர்ப்புச் சொன்னது. அதில் தாய் சோமாலிய முஸ்லிம். அவர் மகனை வளர்த்துத் தத்தெடுத்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். குடும்ப வாழ்வைக் காக்கும், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புத்தான் அந்தத் தாய்க்குத் துணை நின்றது. தன் தொட்டிலுக்காக அழுதவர் இந்தத் தொட்டிலுக்கும் அழுதாரா என்பதே இவ்வினத்தைச் சோதிக்கும் முறை.

3. இடையினம்

வன்மையும் அன்று, மென்மையும் அன்று. 1933இல் தொடங்கிய கிறிஸ்தவ மக்கள் கட்சி இதற்குச் சான்று. 1997இல் இக்கட்சியின் ஷெல் மாக்னெ பூண்டெவிக் பிரதமரானார்; அவர் குருப்பட்டம் பெற்றவர். மறு ஆண்டே ஓர் உதவித்தொகை வந்தது. அரச மானியம் பெறும் காப்பகத்துக்குக் குழந்தையை அனுப்பாத பெற்றோருக்கு அப்போது மாதம் 3,000 குரோனர். 'குழந்தையை நாங்களே வளர்ப்போம், நீ தலையிடாதே. தலையிடாமைக்குரிய காசை மட்டும் தா' என்பது இதன் பொருள்.

ஒஸ்லோவின் குரூருத் பள்ளத்தாக்கில் நம்மவர் சபை ஒன்று. ஆராதனை முடிந்து கோப்பியும், பழுப்புச் சீஸ் வைத்த வாஃபலும். காணிக்கைக்கு விப்ஸ் என்ற கைபேசிக் கட்டணச் செயலியின் எண் இன்னும் திரையில் ஒளிர்கிறது. பக்கத்தில் நின்ற அண்ணன் சொன்னார்: "தம்பி, வரி எவ்வளவெண்டாலும் கட்டுவம். பிள்ளையை எப்பிடி வளக்கிறதெண்டு மட்டும் அவங்கள் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"சின்னவளுக்கு அந்தக் காசு வருதோ அண்ணை?"

"அது வேற, தம்பி."

அது வேறு என்பதே இடையினத்தின் இலக்கணம்.

4. சார்பெழுத்து

தனித்து ஒலிக்காது; ஒன்றைச் சார்ந்தே ஒலிக்கும். அரசுப் பாடம் வேண்டாம், எம் விசுவாசப்படி பள்ளி வேண்டும் என்பவர்களுக்கு நோர்வே தனிப்பள்ளிச் சட்டம் வைத்திருக்கிறது. அரசுப் பள்ளிச் செலவை அளவுகோலாக வைத்து 85 விழுக்காட்டை அரசே தரும். அரசிடமிருந்து விடுதலை, அரசின் செலவில். சபைகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று மானியம் உண்டு. தலை எண்ணினால் காசு என்றால் தலைகள் பெருகுவது இயல்பு. 2015இல் ஒஸ்லோ கத்தோலிக்க மறைமாவட்ட அலுவலகத்துக்குப் பொலிஸ் வந்தது. வெளிநாட்டுப் பெயர்களைத் தொலைபேசிப் புத்தகத்தில் பார்த்து, கேளாமலே உறுப்பினராய்ப் பதிந்தார்கள் என்பது புகார். அரசு திருப்பிக் கேட்டது 4 கோடிக் குரோனருக்கு மேல்.

தமிழ்நாட்டார் சிரிக்க வேண்டாம். உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளியில் நிர்வாகம் இந்திய அரசியலமைப்பில் சிறுபான்மையினர் கல்வி உரிமையைக் காக்கும் 30ஆம் உறுப்பில். ஆசிரியர் சம்பளம் கருவூலத்தில். அங்கே படிப்பிக்கும் அருட்சகோதரிகளும் குருக்களும் 'வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள், சம்பளம் சபைக்கே போகிறது, வரி பிடிக்காதே' என்று வழக்காடினார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிடிக்கலாம் என்றது. வரி குறுகாது என்று பாயிரத்திலேயே சொன்னோம்.

5. ஆய்தம்

தனிநிலை. முன்னும் பின்னும் துணை தேவை. ஆனால் எவ்வினத்தோடும் சேராது. வடக்கே பால்ஸ்பியூர்டில் பொர்ரெ க்னூட்சன் என்றொரு போதகர். 1978இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. உயிரைக் காவாத அரசுக்கு ஊழியம் செய்யேன் என்றார். பதவியின் அரசுப் பகுதியைக் கைவிட்டார், சம்பளமும் வேண்டாமென்றார். பிரசங்கத்தை மட்டும் விடவில்லை. 1983இல் உச்ச நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதன் பின்னும் பிரசங்கித்தார்.

இவரிடம் ஒரு முரண் உண்டு. உயிர் வந்தால் உகரம் ஓடும் என்பது நம் இலக்கணம். உயிர் வந்த இடத்தில் அரசு ஓடக் கூடாது, நின்று காக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே அவர் கேட்டதும் குறுகிய அரசு அன்று. அவர் கருத்தை ஏற்காதவரும் ஒன்றை மறுக்க இயலாது: மாதக் கடைசியில் விலை கொடுத்தது அவர்தான்.

புறனடை

அமெரிக்க வல்லினத்தை இம்மண்ணில் பதியம் போட்டவர்களும் உண்டு. 'கிறிஸ்தவர்கள் கட்சி' 2011இல் தோன்றியது; வேதம், குறைந்த வரி என்றது. 2013 தேர்தலில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஆண்டுதோறும் யார் எவ்வளவு வரி கட்டினார் என்ற பட்டியலையே வெளியிடும் நாட்டில், வரிமேல் கோபப்பட ஆள் சேர்ப்பது எளிதன்று.

இராயன் காசைப் பற்றிய வசனத்தை இரு தரப்பும் காட்டுவதால் அதை வகைக்குச் சான்றாகக் கொள்ளோம். தமிழிலோ சிக்கல் இன்னும் பெரிது. கடவுளும் இறை; அரசனும் இறை; வரியும் இறை. அரசும் இறையும் புணர்ந்தால் 'அரசிறை'. உகரம் ஓடிவிடும், இறை நிற்கும்.

ஆதலால், அளவான அரசு வேண்டும் என்பவர் எவ்வினம் என்று அறிய விரும்புவோர் அவர் காட்டும் வசனத்தைக் கேட்க வேண்டா. அவர் சம்பளச் சீட்டைக் கேளுங்கள்.