காத்திருப்புக்குக் காப்புரிமை கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சூப்பர் ஹீரோ கேமுக்காகக் காத்திருப்போரில் ஒருவன்,
சென்னை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அமெரிக்கக் காப்புரிமை மற்றும் வணிகச் சின்ன அலுவலகம்,
அலெக்சாண்ட்ரியா, வர்ஜீனியா.

பொருள்: வராத வீடியோ கேமுக்காகக் காத்திருக்கும் முறைக்குக் காப்புரிமை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் காப்புரிமை எண் 10,926,179, நாள் 23.02.2021.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட காப்புரிமை எதைப் பற்றியது என்று தங்களுக்குச் சட்டென ஞாபகம் வராமல் போகலாம். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவியும் அலுவலகம், குறை சொல்வதற்கில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காப்புரிமையே ஞாபகத்தைப் பற்றியதுதான். வீடியோ கேமில் வரும் எதிரி நம்மை மறக்காமல் வைத்திருந்து பழிவாங்கும் முறையை வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்கு 2036 வரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தக் கம்பெனியின் மோனோலித் என்ற ஸ்டூடியோ 2014ல் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' என்று ஒரு கேமைக் கொண்டுவந்தது. அதில் ஆர்க் என்ற அரக்க இனத்தின் ஊர் பேர் தெரியாத ஒரு சிப்பாய் ஏதோ அதிர்ஷ்டத்தில் நம்மை வெட்டிச் சாய்த்துவிட்டால், அவனுக்கு உடனே பதவி உயர்வு. பெயர் கிடைக்கும், பட்டம் கிடைக்கும், படைத்தலைவன் ஆகிவிடுவான். நாம் உயிர்த்தெழுந்து மறுபடி எதிரே போய் நின்றால், 'உன்னைத்தான் அன்றைக்கே முடித்தேனே' என்கிற தோரணையில் வரவேற்பான். அவனுக்குத் தீ வைத்துவிட்டு வந்தால் அடுத்த முறை வெந்த முகத்தோடு வந்து கணக்குக் கேட்பான். பாதிச் சண்டையில் நழுவி ஓடினாலும் விடமாட்டான், அதையும் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவான். இதற்கு நெமிசிஸ் சிஸ்டம் என்று பெயர். கேம் உலகத்தில் என்னை ஓர் ஆளாக மதித்துப் பகை பாராட்டியவர்கள் அந்த ஆர்க்குகள் மட்டும்தான்.

பகையை மறக்காமல் இருப்பது புதுக் கண்டுபிடிப்பா என்று எங்கள் பக்கத்துக் கதைசொல்லிகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பீஷ்மரை முடிக்க அம்பை இன்னொரு பிறவியே எடுத்து வந்தாள். பழையனூர் நீலி செத்த பிறகும் கணவனை விடவில்லை. இவர்கள் யாரும் கம்ப்யூட்டரில் வரவில்லையே என்று தங்கள் பரிசோதகர் சொல்லலாம். சரி, ஏற்றுக்கொள்கிறேன். 2016ல் போட்ட விண்ணப்பத்தை 2021 வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், அதே 2021 டிசம்பரில், கேம் அவார்ட்ஸ் விருது மேடையில் 'வொண்டர் வுமன்' கேமின் அறிவிப்பு வந்தது. திறந்த உலகம், அதே மோனோலித், அதே நெமிசிஸ் சிஸ்டம். எங்கள் கூட்டத்துக்குத் தூக்கம் போனது. யோசித்துப் பாருங்கள்: வொண்டர் வுமன் டயானாவின் சத்தியக் கயிற்றில் கட்டுண்டு மனதில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்ட ஓர் எதிரி, அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தால் என்ன பேசுவான்? உயிரோடு விட்டதற்கு நன்றி சொல்வானா, இன்னும் வெறியாவானா? காட்டப்பட்டது ஒரு சின்ன டீசர்தான். மிச்சக் கேமை நாங்களே மனதுக்குள் செய்து முடித்தோம். அதில் ஒரு பிழைகூடக் கிடையாது.

2025 பிப்ரவரியில் கேமை ரத்து செய்தார்கள். கையோடு, 1994ல் தொடங்கிய மோனோலித்தையும் இழுத்து மூடினார்கள். ஆக, இன்றைய நிலவரம் இதுதான்: முறையைக் கண்டுபிடித்த ஸ்டூடியோ இல்லை, அதை வைத்துச் செய்த புதுக் கேம் இல்லை, காப்புரிமை மட்டும் கல்லுக்குண்டாக இருக்கிறது. வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாய்க்குப் பட்டாவும் எழுதிக் கொடுத்த பெருமை தங்கள் அலுவலகத்தையே சேரும். அறிவியலும் பயனுள்ள கலைகளும் வளர்வதற்காகத்தான் இந்த உரிமையை வழங்கலாம் என்று தங்கள் அரசியல் சட்டம் சொல்வதாக அறிகிறேன். இங்கே வளர்ந்தது எங்கள் தாடி.

எனவே, வளர்ந்திருக்கிற ஒரே கலையான காத்திருப்பை என் பெயரில் பதிவு செய்யுமாறு கோருகிறேன்.

காத்திருப்பு பழைய சரக்காயிற்றே என்ற ஆட்சேபம் முதலில் வரும். சபரியை எடுத்துக்காட்டுவார்கள். சபரியின் விஷயத்தில் ராமன் வந்து சேர்ந்தான். நடுவில் ஆசிரமத்துக்கு ரத்து அறிவிப்பு எதுவும் வரவில்லை. எமது முறையில் பொருள் வந்து சேர வேண்டிய அவசியமே இல்லை. 2023 ஜூலையில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒரு 'பிளாக் பாந்தர்' கேமை அறிவித்தது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2025 மே மாதம் கேமையும் அதற்கென்றே தொடங்கிய ஸ்டூடியோவையும் சேர்த்து மூடியது. பிளாக் பாந்தரின் நாடான வகாண்டாவின் ஒரு தெருவைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் காத்திருப்பு எந்தக் குறையும் இல்லாமல் நடந்தேறியது. இந்தப் புதுமையைப் பரிசோதகர் கவனிக்க வேண்டும்.

மேம்பட்ட வடிவம் ஒன்றும் உண்டு, வெளியான பிறகும் காத்திருப்பது. 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' 2014 அக்டோபரில் வரவேண்டியது. 2015 ஜூன் 2 என்றார்கள், பிறகு ஜூன் 23 என்றார்கள். வந்தும் விட்டது. மறுநாளே கம்ப்யூட்டர் பதிப்பின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு கோளாறு. அது மீண்டும் கடைக்கு வர அக்டோபர் கடைசியாயிற்று. பேட்மேனுக்கு இரவு பழக்கம், எங்களுக்கும் பழகிவிட்டது.

காத்திருப்பதில் என்ன திறமை இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருப்பதுதானே என்று தாங்கள் நினைக்கக்கூடும். 2018ன் 'ஸ்பைடர் மேன்' விவகாரத்தைச் சொல்கிறேன். 2017ல் காட்டிய முன்னோட்டத்தில் ஒரு கட்டட வேலை நடக்கும் இடம். தரையில் மழைநீர் குட்டை, அதில் வெளிச்சம் பளபளக்கிறது. கேம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு அதே காட்சியின் புதுப் படம் வந்தது. குட்டை சிறுத்துவிட்டது. உலகமெங்கும் காத்திருந்தவர்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிதாக்கி, எத்தனை அடி நீர் காணாமல் போனது என்று ஆராய்ந்தார்கள். தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று முழக்கம். எங்கள் ஊரில் ஏரியே காணாமல் போயும் இவ்வளவு நுணுக்கமான ஆய்வு நடந்ததில்லை. கேமைச் செய்த இன்சோம்னியாக் ஸ்டூடியோ, தரம் எதுவும் குறையவில்லை, குட்டையின் அளவை மாற்றினோம், அவ்வளவுதான் என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. கேம் வந்து கொண்டாடப்பட்ட பிறகு அவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். கேமுக்குள் புகைப்படம் எடுக்கும் வசதியில், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி குட்டை ஸ்டிக்கர்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கா அந்தக் குட்டை பட்டிருக்கும்?

அறிவிப்பே வராத கேமுக்குக் காத்திருக்கும் உயர்நிலைப் பிரிவினரும் எங்களில் உண்டு. அவர்கள் சூப்பர்மேன் பக்தர்கள். 1999ல் நின்டெண்டோ 64க்கு வந்த கேமில் வானத்து வீரனை வளையம் வளையமாகப் புகுந்து பறக்கவிட்டார்கள். நகரம் முழுக்கப் பனிமூட்டம். எந்திரத்தால் அதற்குமேல் வரைய முடியாததை, வில்லன் லெக்ஸ் லூதர் செய்த கிரிப்டோனைட் மூட்டம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். 2006ல் இன்னொன்று வந்தது. அதில் சூப்பர்மேனுக்குச் சாவே கிடையாது என்பதால், தேய்ந்துகொண்டே போகும் உயிர் அளவை மெட்ரோபோலிஸ் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல யோசனை அது, கேம்தான் சரியாக அமையவில்லை. அடுத்தது என்றைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரும் கேம் அவார்ட்ஸ் நேரலைக்கு விடிகாலையில் அலாரம் வைத்து எழுகிறார்கள். மார்கழிக் குளிரில் இன்னும் சிலர் கோயிலுக்கு எழுகிற நேரம்தான் அது.

முன்னுதாரணம் வேண்டுமானால் தங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. கேம் ஏறுவதற்குள் திரையில் ஒரு குட்டி விளையாட்டைக் காட்டும் யோசனைக்கு நாம்கோ கம்பெனிக்கு 1998ல் காப்புரிமை கொடுத்தீர்கள். 2015 வரை அது உயிரோடு இருந்தது. ஒரு தலைமுறையே வெறும் திரையை வெறித்துப் பார்த்து முடித்த பிறகு காலாவதியானது. அதற்கு ஐந்தாண்டு கழித்து வந்த பிளேஸ்டேஷன் 5, காத்திருக்கும் நேரத்தையே கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. காத்திருப்பவனின் பொழுதுபோக்குக்கு உரிமை தந்த தாங்கள், காத்திருப்புக்கே தர மறுப்பது நியாயமாகாது.

எனக்கு உரிமை கிடைத்தால் வசூல் முறை எளிது. ஆட்டத்தைக் காட்டாத டீசருக்கு ஒரு தொகை. வெறும் நிறப் பின்னணியில் நாலு வரி எழுதித் தேதியைத் தள்ளிப்போடும் அறிக்கைக்கு இரட்டிப்பு. அந்த அறிக்கையில் எங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தால் மூன்று மடங்கு. 2021 செப்டம்பரில் மதுக்கடை ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து நகத்தை மட்டும் நீட்டிய 'வுல்வரின்', ஆட்டத்தைக் காட்டியது 2025 செப்டம்பரில். அந்த ஒரு கணக்கிலேயே என் வீட்டுக் கடன் அடைந்துவிடும்.

கட்டண விஷயம். வருமானம் குறைந்தவர்களுக்குத் தாங்கள் பெரும் தள்ளுபடி தருவதாகப் படித்தேன். 2021ல் 49,990 ரூபாய்க்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கிய இந்தியர் எவரும் அந்தத் தகுதிக்குத் தனியாகச் சான்று காட்ட வேண்டியதில்லை என்று நம்புகிறேன். புரிந்துகொள்ளத் தேவையானால் விண்ணப்பத்தோடு வரைபடமும் இணைக்க வேண்டும் என்பது விதி. இப்போதைக்கு அதன் டீசரை இணைத்திருக்கிறேன். முழு வரைபடம் தயாரானதும் அறிவிக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.

கோரிக்கையை ஏற்க முடியாது என்று சட்டப் பிரிவுகளைக் காட்டி நிராகரித்தாலும் வருத்தமில்லை. அப்படியானால் ஒரு சின்ன உதவி மட்டும் செய்யுங்கள். தங்கள் நாட்டில் காப்புரிமை சாகாமல் இருக்க, கொடுத்த நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டுமாம். பார்வையில் கண்ட காப்புரிமைக்கு 2028 ஆகஸ்டில் ஏழரை. சனி பகவானே நாள் குறித்துத் தந்திருக்கிறார். கட்டாவிட்டால் சலுகைக் காலம் ஆறு மாதம், அதுவும் கழிந்தால் உரிமை போய்விடும். அதன்பின் எந்த ஊர் ஆர்க்கும் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஆகவே, அந்தச் சமயத்தில் வார்னர் பிரதர்ஸுக்குக் கட்டண நினைவூட்டல் அனுப்பும் இருக்கையில் உள்ள எழுத்தருக்கு நீண்ட மருத்துவ விடுப்பு அளித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.