ராஜபார்ட்டுக்கு ஒத்திகை எதற்கு?

அழைப்பில்லாத விசேஷ வீட்டில் நுழைந்து பந்தியில் உட்காருவதை மானக்கேடு என்று கருதுவதே நம்மவர் வழக்கம். ஆனால் 1947ஆம் வருஷம், நாம் சுதந்திரம் பெற்ற அதே ஆகஸ்டு மாதத்தில், யுத்தத்தால் சோர்ந்திருந்த ஜனங்களின் மனத்தைத் தேற்றும்பொருட்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பெரிய கலைவிழா ஒன்று ஆரம்பமானபோது, எவரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்திறங்கி, கிடைத்த இடத்தில் ஆடிவிட்டுப் போயினவாம். அவற்றுள் ஒரு நாடகம் நடந்தது டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில். அது எடின்பரோவிலேயே இல்லை, கடற்கழியின் அக்கரையில் இருக்கிறது. எடின்பரோ நகரத்தார் இந்த அழையா விருந்தாளிகளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாததோடு நில்லாமல், அதையே ஒரு சம்பிரதாயமாக்கி, இன்று ஒரே ஆகஸ்டில் 3,000க்கும் அதிகமான நிகழ்ச்சிகள் நடக்கும் திருவிழாவாக வளர்த்துவிட்டார்கள். ‘ஃப்ரிஞ்ச்’ விழா என்று பெயர் பெற்ற இவ்வழக்கம் அடிலெய்டு முதலான தேசாந்தர நகரங்களுக்கெல்லாம் பரவி, கடைசியில் என் தங்கை மகன் ரூபத்தில் வாடிப்பட்டிக்கும் வந்து சேர்ந்தது.

பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவன். ஏதோ ஒரு பெருநகரத்து ஃப்ரிஞ்ச் விழாவில் தனி ஒருவனாக நாடகம் போடப் போவதாகவும், சென்னைக் குடியிருப்பில் அவன் ஒத்திகை பார்க்கும் ஓசையைக் கேட்டு அக்கம்பக்கத்தார் காவலாளியை அனுப்பிவிட்டதால், சிறுமலைக் காற்று வீசும் எங்கள் மொட்டை மாடியே அதற்குத் தகுந்த ஸ்தலம் என்று தீர்மானித்ததாகவும் சொன்னான். “நான் சுயாதீனக் கலைஞன், மாமா. டைரக்டர் கிடையாது, கம்பெனி கிடையாது, யாரையும் எதுக்கும் நம்பி இல்லை” என்று அவன் பிரகடனம் செய்துகொண்டிருக்கையில், அவனுக்கு மூன்றாவது தோசையை என் மனைவி வார்த்துக்கொண்டிருந்தாள்.

சுயாதீனத்தைப் போலப் பரிவாரம் கேட்கும் வஸ்து வேறொன்றில்லை என்பதை அதன்பின் கண்டேன். அவன் நடிப்பதைக் கைப்பேசியில் படம் பிடிக்க நான். நேரம் பார்த்துச் சொல்ல எதிர்வீட்டுப் பையன். சட்டையில் ஆணி அடித்தாற்போல் கிழிசல் வைக்கவும், பிறகு கிழிசல் பெரிதாகிவிட்டதென்று தைக்கவும் என் மனைவி. நாடகத்தின் நடுவே மேடையில் ஒரு பித்தளை அண்டா இருந்தாக வேண்டும். அது சமூகத்தின் குறியீடு. “குறியீடோ என்னமோ, புளி போட்டு விளக்கித்தான் திருப்பிக் கொடுக்கணும்” என்ற நிபந்தனையின்பேரில், கல்யாணச் சீராக வந்த அண்டாவை அவனுடைய அத்தை இரவல் தந்தாள். நாடகத்தில் முதல் பத்து நிமிஷம் வசனமே இல்லை; அவன் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அண்டாவை அவன் பார்க்க, அவனை நாங்கள் பார்க்க, எங்களைத் தெருவே பார்க்க, அப்பத்து நிமிஷத்தில் வாடிப்பட்டியில் ஏற்பட்ட நிசப்தம் அதற்கு முன் மின்வெட்டின்போதுதான் ஏற்பட்டிருக்கிறது.

அவ்விழாவின் விதிகளை அவன் விவரித்தபோது என் வியப்பு எல்லை கடந்தது. அரங்கத்துக்கு வாடகை நடிகனே கட்ட வேண்டும். பதிவுக் கட்டணமும் அவனதே. நோட்டீஸ் அச்சிடுவதும், அதைத் தெருவில் நின்று போவோர் வருவோர் கையில் திணிப்பதும் அவனே. முந்தைய நாடகக்காரர் சாமானை அள்ளிக்கொண்டு வெளியேற, இவன் அண்டாவை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து மேடையை ஆயத்தம் செய்யக் கிடைப்பது பதினைந்தே நிமிஷம். நாடகம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் விளக்கை அணைத்துவிடுவார்களாம். இத்தனைக்கும் பிறகு, மேடையில் இருப்பவர்களைவிட எதிரே இருப்பவர்கள் குறைவாக இருப்பதும் இத்தகைய விழாக்களில் சகஜமாம். தனி நடிப்பாகையால் அந்தக் கவலை தனக்கில்லை என்று சமாதானம் சொன்னான். ஆள் எப்படியும் ஒன்றுக்குக் கீழே போக இயலாதல்லவா?

அவன் புதுமை என்று நினைத்திருந்த சுயாதீனம் எங்கள் மதுரைச் சீமையில் நூறு வருஷத்துப் பழமை என்பதை அவனுக்கு எப்படி எடுத்துரைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், பக்கத்துக் கிராமத்துப் பங்குனிப் பொங்கலுக்கு ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகம் என்று நோட்டீஸ் வந்தது. ரோஜா வர்ணக் காகிதம். தலைப்பில் அம்மன் துணை. அதன்கீழ் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் எனப் பாத்திரவாரியாக நடிகர்களின் வட்ட வட்டமான முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பட்டம், ஓர் ஊர். ஒருவர் ஊர் புதுக்கோட்டை, ஒருவர் திண்டுக்கல், ஒருவர் மதுரை, இன்னொருவர் காரைக்குடி. “இத்தனை ஊர்க்காரங்களும் எங்கே கூடி ஒத்திகை பாக்குறாங்க, மாமா?” என்றான். “கூடுறதே மேடைக்குப் பின்னாலதான், மாப்ளே” என்றேன். பையன் என்னை நம்பவில்லை.

நம்பாதது அவன் குற்றமன்று. ஸ்பெஷல் நாடகம் என்பது குழு நாடகமே அன்று. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாக, தனித்தனிச் சம்பளத்துக்கு, அந்த ஒரே இரவுக்கென்று ஏஜெண்டு மூலம் ஒப்பந்தமாகிறவர். தூத்துக்குடிக்கு அருகே 1867இல் பிறந்து, உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, பின்பு நாடகத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்துவிட்ட சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் அனைவருக்கும் மனப்பாடம். ஆகவே, யார் வள்ளியாக வந்தாலும், யார் முருகனாக வந்தாலும், கதை தன் பாதையில் தானே நடந்துவிடும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜனசமுத்திரத்தைத் திரட்டியது இந்த ஸ்பெஷல் நாடக மேடைகளில்தான். அதே சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திச் சிறுவர்களைக் கடுமையாகப் பழக்கினார் என்பதையும், ஆறு வயதில் அங்கே சேர்ந்தவர்தாம் பின்னாளில் ஔவை டி.கே. சண்முகமாகப் புகழ் பெற்றவர் என்பதையும், அந்தப் பிள்ளைகளுக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதையும் சொன்னேன். அண்டாவைப் பார்க்கும் காட்சியையே நாலு தினுசாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு இந்தக் கடைசிச் செய்தி ருசிக்கவில்லை. இந்தத் திண்டுக்கல் சாலையிலேயே காந்திகிராமத்தில் 1977இல் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோர் நடத்திய நாடகப் பட்டறையிலிருந்துதான் தமிழில் நவீன நாடகம் புதுவழி கண்டது என்று பதிலுக்கு எனக்குப் பாடம் சொன்னான். அதுவும் வாஸ்தவந்தான்.

நாடகத்தன்று இரவு ஒன்பதரை மணிக்கு அவனை மேடைக்குப் பின்புறம் அழைத்துச் சென்றேன். தார்ப்பாய் விரித்து, ஒரு குழல்விளக்கின் அடியில், தத்தம் டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நாலைந்து பேர் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஸ்திரீபார்ட் அம்மாள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, பெட்டியைக் கீழே வைத்து, ஆர்மோனியக்காரரைக் கும்பிட்டார்.

“எத்தனை கட்டைம்மா?”

“அஞ்சுண்ணே.”

“சரிம்மா.”

“அவ்வளவுதான், மாப்ளே. ஒத்திகை முடிஞ்சுபோச்சு” என்றேன்.

பத்து மணிக்குமேல் பபூன் வந்தார். அவரும் டான்ஸ் அம்மாளும் ஒருவரையொருவர் கேலிசெய்துகொண்ட வகை சுவாமிகளின் ஏட்டில் இருப்பதன்று. ஆயினும் முன்வரிசைக் கிழவிகள் அதற்காகவே பாய் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். அப்பால் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினார்கள். ஒருவர் கேட்கும் கேள்வி மற்றவருக்கு முன்கூட்டித் தெரியாது. பதில் தடுமாறினால் ஊரே கைகொட்டும். புராணத்தில் ஆரம்பித்து இலக்கணத்தில் புகுந்து, தினைப்புனத்துக்கும் தங்க விலைக்கும் உள்ள சம்பந்தம் வரை அந்த வாதம் வளர்ந்துகொண்டே போக, உலகத்தை மயிலேறி நொடியில் வலம்வந்த முருகப்பெருமான் மேடைக்குப் பின்னே முழு வேஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கிரீடம் நசுங்காதபடி தலையை நிமிர்த்திக்கொண்டு, டீ குடித்தபடி தமது முறைக்காகக் காத்திருந்தார். பையன் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ‘இந்த இடத்தில் விளக்கை மாற்றியிருக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்தான். பக்கத்துப் பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அதையும் நிறுத்திக்கொண்டான்.

வள்ளிக்குக் கல்யாணமாகி, கிழக்கு வெளுத்து, டீக்கடையில் பபூனும் ஏஜெண்டும் நின்றுகொண்டிருக்கையில் அவனை அறிமுகம் செய்துவைத்தேன். தம்பியும் நாடகக்காரர் என்றதும் பபூன் மரியாதையாக வேட்டியைத் தழைத்துக்கொண்டு விசாரித்தார். நாடகம் ஒரு மணி நேரம் என்று பையன் சொன்னான். “அப்ப மிச்ச ராத்திரிக்கு ஜனங்க என்ன செய்வாங்க, தம்பி?” என்று அவர் மெய்யாகவே கவலைப்பட்டார். யாரெல்லாம் நடிக்கிறார்கள் என்று கேட்டார். நான் மட்டும் என்றான். ஆர்மோனியம்? கிடையாது. மிருதங்கம்? கிடையாது. வேறு சாமான்? ஓர் அண்டா. பபூன் டீ தம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, “அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தாங்க?” என்று கேட்டார்.

விழாக்காரர்கள் தருவதில்லை, தான்தான் அவர்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்று பையன் விளக்கினான்.

இதுவரை சம்பாஷணையில் சிரத்தை காட்டாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஏஜெண்டு சட்டென்று நிமிர்ந்தார். “பணம் கட்டியா நடிக்கிறீங்க?” என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்தார். “நம்பரைச் சொல்லுங்க தம்பி. சித்திரையிலயும் வைகாசியிலயும் பத்து ஊர் என் கையில இருக்கு. எல்லாத்துலயும் உங்களைப் போட்டுடுவோம். அண்டா நீங்களே கொண்டு வந்துடுவீங்கள்ல?”