நெளுக்குளம் சார்பில் ஒரு நன்றியுரை

நன்றியுரை என்றதும் சனம் கதிரையை மடக்கத் தொடங்கிவிடும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நெளுக்குளத்துக்கு அரசாங்கம் செய்த உபகாரங்களை எந்த மேடையிலும் யாரும் முறையாகச் சொன்னதில்லை. செய்ந்நன்றி கொன்றவர்கள் என்ற பழி எங்களுக்கு வேண்டாம்.

முதலில் 2009 ஆம் ஆண்டுக்கு நன்றி. வவுனியா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. போர் முடிந்த கையோடு அதைப் புனர்வாழ்வு நிலையமாக்கி, சரணடைந்தவர்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். விண்ணப்பம் இல்லை, நேர்முகப் பரீட்சை இல்லை. குற்றப்பத்திரிகை, நீதிமன்றத் தீர்ப்பு போன்ற வீண் சடங்குகளும் இல்லை. இப்படியான நிலையங்களில் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் அனுமதி பெற்றார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, 2009 யூலைக்குப் பிறகு சர்வதேச செஞ்சிலுவைக் குழுவைக்கூட உள்ளே விடவில்லை. பெற்ற தாய்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்க மாட்டாள்.

அடுத்து, பயங்கரவாதத் தடைச்சட்டம். 1979 இல் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள். அவ்வளவு நல்ல சட்டத்தை அனுப்ப யாருக்கு மனம் வரும்? 1982 இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒருவரை மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க அமைச்சரின் கையொப்பம் போதுமாயிருந்தது. 2022 இல் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார்கள். ஏன் இந்தக் கஞ்சத்தனமோ தெரியவில்லை. பிறகு விளக்கமறியல். தவணைக்கு மேல் தவணை. அவசரப்பட்டு நீதி வழங்கிவிடக் கூடாது என்பதில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு இருக்கும் நிதானத்தை மெச்சத்தான் வேண்டும். தண்டனை கிடைத்திருந்தால் எப்போதோ கழித்து முடித்து வீட்டுக்குப் போயிருக்கக்கூடியவர்கள், தண்டனையே இல்லாமல் உள்ளே இருந்திருக்கிறார்கள். ஒப்புதல் வாக்குமூலம் எழுதும் சிரமத்தையும் பொலிசார் தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதி நீட்டுவார்கள், பெடியன் கையெழுத்து வைத்தால் சரி. அடித்து வாங்கினார்கள் என்று பிறகு சொல்ல விரும்பினால், அதை நிரூபிக்கும் உரிமையை அதே சட்டம் பெருந்தன்மையோடு அவனுக்கே கொடுத்திருக்கிறது.

தங்குமிட வசதிகள் பற்றி முறைப்பாடு சொல்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு நாடெங்கும் சிறைகளைச் சுற்றிப் பார்த்து 2020 இல் ஓர் ஆய்வறிக்கையே போட்டது. படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறார்களாம். இரவில் அறைக்குள் மலசலகூடம் இல்லாத இடங்களில் வாளியும் பொலித்தீன் பையும்தானாம். இதையெல்லாம் குறையென்று எழுதலாமா? சிறைச்சாலைகள் கட்டளைச்சட்டம் 1877 இல் வந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன மரபை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றும் திணைக்களம் வேறெங்கே இருக்கிறது? குற்றம் நிரூபிக்கப்பட்டவனையும் நிரூபிக்கப்படாதவனையும் பிரித்து வைக்க வேண்டும் என்று ஐ.நா. சொல்கிறது. எங்கள் சிறைகள் இரண்டு பேரையும் சமமாகவே நடத்துகின்றன.

இனி எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வருகிறேன். கணேசன் நிமலரூபன், நெளுக்குளம், வயது இருபத்தெட்டு. 2012 யூன் கடைசியில், அவர் இருந்த வவுனியா சிறையில் தமிழ்க் கைதிகள் போராட்டம் நடத்தினார்கள். தங்களோடு இருந்த ஒருவரை இடம் மாற்றிவிட்டார்கள், அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. சிறைக் காவலர்களைப் பணயமாகப் பிடித்து வைத்தார்கள்; அது பிழைதான், மறைக்கவில்லை. 29 ஆம் திகதி விசேட அதிரடிப்படை புகுந்து காவலர்களை மீட்டது. காவலர்கள் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று போகிற ஆட்களா இவர்கள்? கைதிகளை அநுராதபுரத்துக்கும் பிறகு மகர சிறைக்கும் கொண்டுபோனார்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம், ஒரு சதம் செலவில்லை. யூலை 4 ஆம் திகதி நிமலரூபன் ராகம வைத்தியசாலையில் இறந்தார்.

மாரடைப்பு என்றது அரச தரப்பு. அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள் பெற்றவர்கள். பெற்றவர்களுக்கு என்ன தெரியும்? உடம்பில் இருந்த காயங்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அரசாங்கம் நேரே இதயத்தையல்லவா பார்த்தது! அந்தப் பயணத்தில் இருந்த இன்னொருவர், பாசையூர் மரியதாஸ் டெல்றொக்சன், சுயநினைவு திரும்பாமலே அடுத்த மாதம் இறந்தார். நிமலரூபனின் உடலை நெளுக்குளத்துக்குக் கொண்டுவருவதற்கே குடும்பம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஒருவனை உயிரோடும் பிணமாகவும் பிரிய மனமில்லாமல் வைத்திருந்த பாசத்தை என்ன சொல்லிப் புகழ?

உயர் நீதிமன்றத்துக்கு விசேட நன்றி. அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை, எவரையும் சித்திரவதை செய்யலாகாது என்கிறது. அவசரகாலச் சட்டத்தைக் காட்டியும் அதை ஒதுக்கிவைக்க முடியாது. இவ்வளவு உறுதியான பாதுகாப்பு இருக்கும்போது விசாரணை வேறு எதற்கு? பெற்றோரின் அடிப்படை உரிமை மனுவை 2013 இல் முழு விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்து, வயதுபோனவர்கள் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் அலையும் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள்.

சிறைச் சாவுகளில் இன பேதம் பார்த்தார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டது உண்மை. அதே வெலிக்கடையில் 2012 நவம்பரில், நிமலரூபன் இறந்த அதே வருடத்தில், 27 கைதிகள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலானோர் சிங்களவர். 2020 இல் மகரவில் பதினொரு பேர். தெற்குக்கும் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

அமைச்சர் பெருமக்களும் எளிமையானவர்கள். 2021 செப்டெம்பரில் சிறைச்சாலைகள் இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்த தாமே அநுராதபுரச் சிறைக்குப் போனார். தமிழ்க் கைதிகளை முழங்காலில் இருத்தித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று கைதிகள் சொன்னார்கள், அவர் மறுத்தார். சிறைகளின் பொறுப்பை விட்டார். அவர் வகித்த மற்றப் பொறுப்பான இரத்தினக்கற்கள் அவரிடமே இருந்தன. கற்கள் முறைப்பாடு செய்யாது என்ற தூரநோக்கு!

நன்றியுரையில் கோரிக்கை வைப்பது மரபில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறோம். பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவதாக அரசாங்கங்கள் மாறி மாறி வாக்குக் கொடுக்கின்றன. நீக்குவதென்றால் நீக்குங்கள், பெயரை மாற்றி அதையே திரும்பத் தராதீர்கள். மற்றபடி நெளுக்குளத்துப் பிள்ளையின் சாவுக்காக இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.